பட்டின் மேல் விழும் மை

மைசூரில் வாழும் நம் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு எடுத்தாலே மானந்தவாடி ரோடு பட்டு ஆலை ஞாபகம் வந்துவிடும். 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் தோன்றிய ஆலை அது. அங்கே நெய்யும் வழவழப்பான கிரேப் பட்டில் அச்சும் அழகாக விழும்.

இப்போது கடைகளில், "டிஜிட்டல் பிரிண்ட் பட்டு சார், சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்கிறார்கள். நிஜந்தானா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழைய முறையில் நிறத்துக்கொரு ஸ்கிரீன் வேண்டும். டிஜிட்டல் முறையிலோ, கணினியில் வரைந்த சித்திரத்தை இயந்திரம் துளித்துளியாக மை தெளித்தே துணியில் இறக்கிவிடுகிறது. ஸ்கிரீன் கழுவும் தண்ணீர் மிச்சம். வேண்டிய அளவே அச்சிடுவதால் சரக்கும் தேங்காது. உயர்தர ஃபேஷன் நிறுவனங்களுக்குப் பட்டு அச்சிடும் இத்தாலியின் கோமோ நகரத்தாரும் இதைத்தான் கையாளுகிறார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியலை. பட்டில் சாயம் பிடிக்க முதலில் பசைமருந்து பூச வேண்டும். அச்சிட்டபின் நீராவி காட்டி, ஒட்டாத சாயத்தை அலசி எடுக்க வேண்டும். அலசிய தண்ணீர் எங்கே போகிறது? சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நாம் மறக்கலாமா?

ஆகவே வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அசல் பட்டா, பாலியஸ்டரா? இதற்கு 'சில்க் மார்க்' சீட்டு பதில் சொல்லும். கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்களா? இதற்கு அந்தச் சீட்டு பதில் சொல்லாது. நாம்தான் வாய்திறந்து கேட்க வேண்டும்.