கணினியுடன் இணைய மறுக்கும் கேமரா: படங்கள் பறிபோகாமல் காப்பது எப்படி?

கொச்சி: 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத வழிபாட்டுத் தலம், டச்சு அரண்மனை என்றும் அழைக்கப்படும் மட்டாஞ்சேரி அரண்மனை, பழைய நறுமணப் பொருள் கிடங்குகள் ஆகியவற்றால் கொச்சியின் மட்டாஞ்சேரி புகைப்பட ஆர்வலர்களை ஈர்க்கும் பகுதியாக விளங்குகிறது. 2012 டிசம்பர் 12-ஆம் தேதி முதன்முறையாகத் தொடங்கிய கொச்சி-முசிறி பியனாலே கலைக் கண்காட்சியும் கேமராவுடன் வருவோரை இங்கு அழைத்து வருகிறது.

பகல் முழுவதும் படம் எடுத்துவிட்டு, கேமராவைக் கணினியுடன் இணைக்கும்போது திரையில் எதுவும் தோன்றாவிட்டால், படங்கள் அழிந்துவிட்டதாகவே பலர் அஞ்சுகின்றனர். ஆனால், இணைப்பு கிடைக்காததும் படங்கள் அழிவதும் வெவ்வேறு. படங்கள் இருப்பது மெமரி கார்டில். கேபிள் அவற்றைக் கொண்டு செல்லும் வழி மட்டுமே. பதற்றத்தில் எடுக்கப்படும் அடுத்த நடவடிக்கையே பெரும்பாலும் இழப்புக்குக் காரணமாகிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

கேமராவின் சொந்தத் திரையில் படங்கள் தெரிகின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தெரிந்தால் மெமரி கார்டு நலமாக உள்ளது என்றும், கோளாறு இணைப்பில்தான் என்றும் கருதலாம்.

அடுத்த சந்தேகம் கேபிள் மீது எழ வேண்டும். சில யு.எஸ்.பி. கேபிள்களில் மின்னேற்றத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவுகளைக் கடத்தும் கம்பிகள் இருக்காது. அத்தகைய கேபிளில் கேமரா சார்ஜ் ஆகும். படங்கள் மட்டும் கணினிக்குச் செல்லாது. எனவே, தரவுப் பரிமாற்றத்துக்கு உரிய வேறொரு கேபிளைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. ஹப்பைத் தவிர்த்து, கணினியின் போர்ட்டிலேயே நேரடியாக இணைப்பது நல்லது. கேமரா இயக்கத்தில் உள்ளதா, பேட்டரியில் போதிய மின்சாரம் உள்ளதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். சில மாடல்களில் வைஃபை இயங்கும்போது யு.எஸ்.பி. இணைப்பு செயல்படாது, அதை அணைத்துவிட்டு முயல வேண்டும்.

அமைப்புகளில் உள்ள சிக்கல்

கேமரா கணினியுடன் தொடர்புகொள்ளும் முறைகள் பல உள்ளன. 'மாஸ் ஸ்டோரேஜ்' முறையில் கேமரா ஒரு பென் டிரைவைப் போலத் தோன்றும். பி.டி.பி., எம்.டி.பி. முறைகளில் அது தனிக் கருவியாகத் தோன்றும். வழக்கமான டிரைவ் எழுத்து கிடைக்காது. இதனால் கேமரா இணைந்திருந்தும், வேறு இடத்தில் தேடுவோருக்கு அது புலப்படுவதில்லை. மேக் கணினிகளில் 'இமேஜ் கேப்சர்' செயலியைத் திறந்து பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் கேமராவின் பதிவை நீக்கி, கேபிளைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் இணைத்தால், டிரைவர் மென்பொருள் புதிதாக நிறுவப்படும்.

உப்புக் காற்றின் பங்கு

மட்டாஞ்சேரி உப்பங்கழியை ஒட்டிய பகுதி. இத்தகைய இடங்களில் ஈரப்பதமும் உப்புக் காற்றும் போர்ட்டின் உலோக முனைகளை அரிக்கக்கூடும். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கேமராவை நேரடியாக வெளியே எடுத்துச் செல்லும்போது அதன் மீது நீர்த்துளிகள் படியும். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்து எடுத்துச் சென்று, வெளி வெப்பநிலைக்கு வந்த பின்னர் திறப்பது இதைத் தவிர்க்கும். போர்ட்டில் ஈரம் இருக்கும்போது கேபிளைச் செருகக் கூடாது. கேமரா பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைப்பதும் பயன் தரும்.

மாற்று வழி

இவை எதுவும் பலன் அளிக்காவிட்டால், கேமராவை அணைத்த பின் மெமரி கார்டை வெளியே எடுத்து, கார்டு ரீடர் மூலம் கணினியில் படிக்கலாம். கேமராவின் போர்ட் பழுதாகியிருந்தாலும் இம்முறை கைகொடுக்கும். ஆனால், 32 ஜிபி-க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. வகை கார்டுகளைப் பழைய ரீடர்கள் படிக்காமல் போகலாம்.

கார்டைப் பயன்படுத்த அதை 'ஃபார்மேட்' செய்ய வேண்டும் என்று அப்போது கணினி கேட்கக்கூடும். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. அந்தக் கார்டின் கோப்பு அமைப்பைக் கணினியால் படிக்க முடியவில்லை என்பதே அச்செய்தியின் பொருள். கார்டு காலியாக உள்ளது என்பதன்று. 'கேன்சல்' கொடுத்துவிட்டு, வேறு ரீடரிலோ வேறு கணினியிலோ முயல வேண்டும்.

தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டாலும், அந்தக் கார்டில் புதிய படம் எதையும் எடுக்கக் கூடாது. பழைய தரவுகளின் மீது புதியவை எழுதப்படாத வரை, மீட்பு மென்பொருள் மூலம் படங்களைத் திரும்பப் பெறும் வாய்ப்பு பெரும்பாலும் உண்டு. படங்கள் இரண்டு இடங்களில் நகலெடுக்கப்பட்டு, அவை திறக்கின்றன என்பது உறுதியான பிறகே கார்டைக் காலி செய்வது பாதுகாப்பானது.