பூனை நகமும் தேக்கு நாற்காலியும்

பூனை வளர்க்கும் வீடுகளில் நாற்காலிக் காலும் கதவு நிலையும் கீறல் விழாமல் தப்புவது அரிது. கோபத்தில் பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருவோரும் உண்டு. அது தேவைதானா?

பூனையின் நகம் அடுக்கடுக்காக வளர்வது. பிறாண்டும்போது பழைய மேலுறை கழன்று, உள்ளிருக்கும் புதிய கூர்நகம் வெளிப்படுகிறது. பாதத்திலுள்ள மணச்சுரப்பிகளால் தன் இடத்தை அது அடையாளமிடவும் செய்கிறது. ஆகவே, பிறாண்டுதல் குறும்பன்று, இயல்பு.

நான்கு கிலோ எடையுள்ள பூனை தேக்கைக் கீறுவது எப்படி? விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். நகநுனியின் பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர் என்றும், அதன்மேல் அரைக் கிலோ எடை தாங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 500 கிலோ எடையாகும்! இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு. நகநுனியைச் சற்றே வெட்டிப் பரப்பை 1 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும். இரத்தம் ஓடும் இளஞ்சிவப்புப் பகுதியில் மட்டும் கத்தரி படக்கூடாது.

கீறல் ஏன் வெளுத்துத் தெரிகிறது? காற்றின் ஒளிவிலகல் எண் 1. மரநாரினுடையது சுமார் 1.5. கீறலில் பிய்ந்த நார்களுக்கிடையே காற்று புகுந்துகொள்கிறது. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி எதிரொளித்துச் சிதறுவதால் வெண்மை தோன்றுகிறது. கீறலில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆதலால் வெண்மை மங்கும். நீர் உலர்ந்தால் வெண்மை மீளும். வார்னிஷோ உலர்ந்தபின் அங்கேயே கெட்டியாகத் தங்கிவிடும். அதன் ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.5. ஆழமில்லாத கீறலுக்கு ஒரு பூச்சே போதும்.

விரல் நகம் தட்டுமளவுக்குக் கீறல் ஆழமானால், தச்சர்கள் செய்வதுபோல் மக்கு வைக்கவேண்டும். அதே மரத்தின் நைசான தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அழுத்தி அடையுங்கள். நன்கு காய்ந்தபின் மர இழையின் போக்கிலேயே உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசுங்கள்.

பழுது பார்த்தால் மட்டும் போதாது. பூனைக்கு மாற்றிடம் வேண்டும். ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். பூனை முழு உடலையும் நீட்டிப் பிறாண்ட, உயரம் 80 சென்டிமீட்டராவது இருக்கட்டும். உயரம் கூடினால் கட்டையைச் சாய்க்கும் திருப்புத்திறனும் கூடும். ஆகவே அடிப்பலகை அகலமாகவும் கனமாகவும் இருக்கவேண்டும். ஆடும் கட்டையைப் பூனை நம்பாது, நாற்காலிக்கே திரும்பிவிடும். அது வழக்கமாகப் பிறாண்டும் இடத்தின் அருகிலேயே கட்டையை நிறுத்துங்கள்.

சில நாடுகளில் அறுவை செய்து நகங்களை நீக்கும் வழக்கம் உண்டு. இதில் நகம் மட்டுமன்றி, விரலின் நுனி எலும்பும் போய்விடுகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019இல் இதைத் தடைசெய்தது. ஒரு கட்டையும் கொஞ்சம் கயிறும் முடிக்கக்கூடிய வேலைக்குக் கத்தி எதற்கு?