ஒரு யூனிட்டில் ஒரு நாள் காற்று

போகி விடிகாலையில் சென்னைத் தெருக்களில் பழைய பாயோடு டயரும் எரிகிறது. வேண்டாம் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டும் புகை அடங்கவில்லை. இளைப்புள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர் ஆடம்பரம் அல்ல. ஆனால் வாங்கி வைத்தவர்களே கரன்ட் பில்லுக்குப் பயந்து இரவில் அதை அணைத்துவிடுவதுதான் வருத்தமாக இருக்கிறது.

கருவிக்குள் ஒரு விசிறி அறைக்காற்றை இழுத்து வடிகட்டிகள் வழியே தள்ளுகிறது. முதலில் முடியும் பஞ்சும் சிக்கும் வலை. அடுத்து ஹெப்பா: நெருக்கமாக மடித்து வைத்த மெல்லிழைத் தாள். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடிக்க வேண்டும். அதைவிடச் சிறியவை நழுவிவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. காற்று மூலக்கூறுகள் மோதி மோதி அவற்றை அலைக்கழிப்பதால், எங்காவது ஓர் இழையில் பட்டு ஒட்டிக்கொள்கின்றன. வாடையைப் பிடிக்கப் பல கருவிகளில் கரி வடிகட்டியும் உண்டு. ஏசியில் உள்ளதுபோல் கம்ப்ரஸர் கிடையாது; கரன்ட் எடுப்பது பெரும்பாலும் அந்த விசிறிதான்.

படுக்கையறைக் கருவி முழு வேகத்தில் 40 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சீலிங் ஃபேனே 75 வாட். கருவி நாள் முழுக்க நிற்காமல் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். இரவு எட்டு மணி நேரம் மட்டும் என்றால் 20-ஐத் தொடாது.

ஆனால் தமிழ்நாட்டில் இந்த 58 யூனிட்டின் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில் கூடுவது 261 ரூபாய். 480 யூனிட் ஓடும் வீட்டிலோ 649 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கில் இருந்த சலுகையும் போய்விடுவதால் வரும் வித்தியாசம் இது. விகிதங்கள் பிறகு உயர்ந்தன. ஆகவே உங்கள் பழைய பில்லில் எத்தனை யூனிட் என்று முதலில் பாருங்கள். எல்லைக்கு அருகில் இருந்தால் குறைக்க வேண்டியது ஏசியைத்தான்.

பல வீடுகளில் கரன்ட்டைவிடக் கையைக் கடிப்பது வடிகட்டிதான். வெள்ளைத் தாள் புகையேறிச் சாம்பல் நிறமாகும். அதைத் தண்ணீரில் அலசினால் இழைகள் பாழாகிவிடும்; கழுவக்கூடியது முன்வலை மட்டுமே. அடைத்துப்போன ஹெப்பாவோடு ஓட்டினால் கரன்ட் செலவாகும், காற்று வராது.

120 சதுர அடியில் 10 அடி உயர அறை என்றால் உள்ளே 34 கன மீட்டர் காற்று இருக்கும். அது மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமானால், பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் எண், அதாவது கருவி மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்ற அளவு, 170-க்குக் குறையக் கூடாது. அந்த எண் முழு வேகத்துக்கு உரியது. ‘ஸ்லீப்’ பொத்தானை அழுத்தினால் சத்தம் அடங்கும், ஆனால் வரும் காற்று அதில் சிறு பங்குதான். புகை சூழ்ந்த காலையில் முழு வேகத்திலேயே ஓடட்டும்.