வெட்டி வளர்க்கும் மரம்

முதல் நாள் எங்களுக்குக் காட்டப்பட்டது பாத்திரம் கழுவும் பஞ்சு. சிங்கப்பூரில் எங்கள் பேட்டையின் சமூக மன்றத்துக்குப் பின்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் சிறிய குழு அது. போன்சாயும் பென்ஜிங்கும் வளர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர் ஒருவர்தான் சொல்லித்தருபவர். எல்லாருக்கும் அவர் 'அங்கிள்'. ஒரு மஞ்சள் பஞ்சை வாளியில் முக்கி எடுத்து உள்ளங்கையில் தட்டையாகப் படுக்க வைத்தார். சொட்டிச் சொட்டி நீர் நின்றது. அதையே பக்கவாட்டில் திருப்பினார். யாரும் பிழியவில்லை, ஆனால் மறுபடி ஒழுகியது. செங்குத்தாக நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் ஒழுகியது.

தட்டில் மரம் வளர்க்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியல் இந்தப் பஞ்சில் இருக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் நீர் நின்றுவிடும். அதனால் எந்தத் தொட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தேங்கியே இருக்கும். அந்த உயரம் எவ்வளவு என்பது துகளின் பருமனைப் பொறுத்தது. தொட்டி ஆழமா ஆழமில்லையா என்பதற்கு அதில் பங்கில்லை. 20 செ.மீ. ஆழமான தொட்டியில் அடி 3 செ.மீ. நனைந்து கிடந்தால் மேலே வேர் மூச்சுவிட இடம் நிறைய உண்டு. 5 செ.மீ. ஆழமே உள்ள தட்டில் அதே 3 செ.மீ. நனைந்து கிடந்தால் பாதிக்கு மேற்பட்ட வேர் நீரில்தான் இருக்கும். படுத்திருக்கும் பஞ்சுதான் போன்சாய்த் தட்டு. ஆகவே தோட்டத்து மண் அதற்கு ஆகாது. 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள பருக்கைகள் வேண்டும்: உடைத்துச் சலித்த செங்கல், எரிமலைக் கல், சுட்ட களிமண் உருண்டை. ஜப்பானியர் பயன்படுத்தும் அகடாமா மண் நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர் மழையில் நனைந்துகொண்டே இருந்தால் அது குழைந்து சேறாகிவிடும்.

இது தெரியாத காலத்தில் ஒரு மரத்தைச் சாகக் கொடுத்திருக்கிறேன். சிறிய சீன ஆல். குளிர்சாதன அறையில், மேசை மேல் வைத்திருந்தேன். தண்ணீருக்கு ஒரு நாளும் குறை வைக்கவில்லை. மூன்று மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. கவிழ்த்துப் பார்த்தபோது வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. உருவினால் தோல் மட்டும் கையோடு வந்தது. வெயில் இல்லாத இடத்தில் இலை வேலை செய்யவில்லை, வேர் நீர் குடிக்கவில்லை, குடிக்காத நீர் வேரையே அழுகவைத்தது. அந்த மரத்தின் தட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பெயர்களைப் பார்த்துவிடலாம். போன்சாய் என்றால் தட்டில் நடுவது. பென்ஜிங் என்றால் தட்டில் ஒரு காட்சி. 'பென்'னும் 'போன்'னும் ஒரே எழுத்துதான்; சீனர் ஒருவிதமாகவும் ஜப்பானியர் ஒருவிதமாகவும் வாசிக்கிறார்கள். கலை பிறந்தது சீனாவில். தாங் வம்சத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறை கி.பி. 706-இல் கட்டப்பட்டது. அதன் சுவரோவியத்தில் பணியாள் ஒருவர் சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்தி வருகிறார். ஜப்பானில் 1309-ஆம் ஆண்டு ஓவியச் சுருளொன்றில் இப்படிப்பட்ட தட்டு மரங்கள் இருக்கின்றன. பிறகு ஜப்பானியர் காட்சியைக் குறைத்துக்கொண்டே வந்து தனி மரத்தில் நின்றார்கள். சீனர் மலையையும் ஆற்றையும் விடவில்லை.

மரம் எப்படிக் குட்டையாகவே இருக்கிறது? குட்டை விதை என்று ஒன்று கிடையாது. எங்கள் குழுவில் ஒரு தமிழ் அக்கா வளர்க்கும் புளியமரம் அதற்குச் சாட்சி. தேக்கா சந்தையில் சமையலுக்கு வாங்கிய புளியில் கிடந்த கொட்டையைப் போட்டு முளைக்கவைத்தது. பதினோரு வயது, முழங்கை உயரம். பட்டை வெடித்து, கிளை பரப்பி, ஊர் எல்லையில் நிற்கும் கிழட்டுப் புளியின் தோரணை அப்படியே இருக்கிறது. இருட்டினால் இலையை மூடிக்கொள்ளும் பழக்கம்கூட மாறவில்லை.

எந்தக் கிளையின் நுனிக் கொழுந்தும் ஆக்சின் என்ற வளரூக்கியைச் சுரக்கிறது. அது கீழே இறங்கி, கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனி உயரும் வரை பக்கம் அடங்கியிருக்கும். நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை விலகி, வெட்டுக்குக் கீழே இருக்கும் ஒன்றோ இரண்டோ மொட்டு கண் திறக்கும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்பவர்களுக்கும் மல்லிகைக்குக் கொழுந்து கிள்ளுபவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கிளைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சத்து பங்காகிறது. கணுக்கள் நெருங்குகின்றன, இலை சிறுக்கிறது. ஆனால் பூவும் காயும் சிறுக்காது. கைக்கடக்கமான மாதுளைப் போன்சாயில் பெரிய மரத்துப் பூவின் அளவிலேயே பூ பூப்பதைப் பார்த்தால் முதலில் திடுக்கென்றிருக்கும்.

மேலே வெட்டுவதுபோலக் கீழேயும் வெட்ட வேண்டும். ஒரு ஞாயிறு அக்காவின் புளிக்குத் தட்டு மாற்றும் நாள். வேர்க்கட்டியை உருவி எடுத்து, சாப்ஸ்டிக் குச்சியால் தலைவாருவதுபோல மண்ணை உதிர்த்தோம். தட்டின் உருவத்துக்கே வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தது. தடித்த வேர்களைக் காட்டி அக்கா வெட்டச் சொன்னார். நான் தயங்கினேன்.

"தம்பி, ஆணிவேர் மரத்தைப் பிடிச்சு நிறுத்தத்தான். தண்ணி குடிக்கிறது இந்தச் சல்லி வேருங்க. பெருசை வெட்டுனாத்தான் இது பெருகும். விட்டா ஒன்னையொன்னு நெரிச்சிக்கும், பாத்துக்குங்க."

மூன்றில் ஒரு பங்கு போனது. இலையையும் அதே அளவுக்குக் குறைத்தார். வேர் குடிக்க முடிகிற நீரைவிட அதிகம் இலை வழியே ஆவியாகக் கூடாது அல்லவா. பத்தே நாளில் பச்சைக் கொழுந்து எட்டிப் பார்த்தது.

போன்சாய் என்றால் மரத்தைப் பட்டினி போட்டு வதைப்பது என்று நினைப்பவர்கள் பலர். எனக்கும் ஒரு காலத்தில் அந்த உறுத்தல் இருந்தது. பட்டினி கிடக்கும் மரம் வெட்டுக்காயத்தை மூடாது, புதுக்கிளை விடாது. வெட்டி வளர்க்க வேண்டுமென்றால் மரம் திடமாக இருந்தாக வேண்டும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தட்டில் வளர்வது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 1945 ஆகஸ்டு 6 அன்று, அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தூரத்தில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்றது. 1976-இல் ஜப்பானின் அன்பளிப்பாக அமெரிக்காவுக்குக் கொடுக்கப்பட்டது. மரத்தைக் கொடுத்த உரிமையாளர் குண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2001-இல் அவருடைய பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் தோட்டத்தாருக்கு விவரம் தெரிந்தது. வதைபட்ட மரம் நானூறு ஆண்டு வாழுமா?

இனி எங்கள் அங்கிளின் கைவேலைக்கு வருகிறேன். ஜப்பானிய முறையில் கிளையில் கம்பி சுற்றி, வேண்டிய பக்கம் வளைத்து விடுவார்கள். வளைந்த நிலையிலேயே புது மரத்திசு படிந்து கெட்டிப்படும். பிறகு கம்பியை எடுத்துவிடலாம். சீனாவிலும் யாங்ஜோ பக்கம் பனை நாரால் கட்டி வளைப்பதுண்டு. தெற்கே, குவாங்தோங் உள்ளிட்ட லிங்னான் பகுதியில் வேறு வழி: கத்தரி மட்டும். தண்டை ஒரு கணுவுக்கு மேல் வெட்டிவிடுவார்கள். அங்கே கிளம்பும் துளிரைத் தொடாமல், ஆள் உயரம் வளர்ந்தாலும் வளரட்டும் என்று விடுவார்கள். உயரம் அவர்களுக்குத் தேவையில்லை. அது வளர வளர அடி பருக்கும் அல்லவா, அந்தப் பருமன்தான் தேவை. கீழ்த்துண்டைவிட ஒரு சுற்றுதான் மெலிவு என்ற அளவுக்குப் பருத்ததும் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டிவிடுவார்கள். அடுத்த துளிரை எதிர்ப்பக்கம் பார்த்து விடுவார்கள். இப்படி வெட்டு, வளர்ச்சி, வெட்டு. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் குட்டை, முந்தையதைவிட மெல்லிசு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு திருப்பம். கம்பி கொடுக்கும் வளைவு வழுவழுவென்றிருக்கும். கத்தரி கொடுப்பது தூரிகையை அழுத்தித் திருப்பிய கோடுபோல முறுக்காக இருக்கும். இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையோடு மரத்தைக் காட்சிக்கு வைப்பது லிங்னான்காரர்களின் வழக்கம். ஒளிக்க ஒன்றுமில்லை என்ற துணிவு இருந்தால்தான் அப்படி வைக்க முடியும்.

உறைபனி அதிகமில்லாத தென்சீனாவில் வளர்பருவம் நீளம் என்பதால் இந்த முறை அங்கே வேரூன்றியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய எங்களுக்கோ ஆண்டு முழுவதும் வளர்பருவம். இங்கே சுற்றிய கம்பியைச் சில வாரம் மறந்தால் பட்டைக்குள் புதைந்துவிடும்; அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் மறையாது. வெப்ப நாட்டில் தொடங்குகிறவர்கள் கம்பியைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தரியை எடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கிள் எனக்குக் கொடுத்தது நீர்மல்லி. மல்லிகை இனமே இல்லை. நம் ஊர் வெப்பாலையின் பேரினத்தைச் சேர்ந்தது. தாய்லாந்தில் கோயில் வளாகங்களில் நிறைய இருக்கும். முதல் வெட்டு போட எனக்குக் கால் மணி நேரம் ஆனது. கட்டைவிரல் பருமனான தண்டில், இடப்பக்கம் பார்த்த கணுவுக்கு ஒரு அரிசி மேலே கத்தரியை வைத்தேன். நறுக்கென்று போனது. வெட்டுவாயில் பால் முத்து முத்தாக வந்தது. நனைந்த துணியால் ஒற்றி, காயத்தில் பசை தடவினோம். கடைகளில் விற்கும் குழிவெட்டுக் கத்தரிக்கு ஒரு காரணம் உண்டு: கிளை அடியில் லேசாகக் குழித்து வெட்டினால், பட்டை மேவி மூடும்போது புடைக்காமல் சமமாகிவிடும்.

மலையும் நீரும் வைக்கும் பென்ஜிங்கை முதன்முதல் செய்தபோது நவராத்திரிக் கொலுவில் நாங்கள் போட்ட பூங்காதான் ஞாபகத்துக்கு வந்தது. கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பொம்மைகளை நிறுத்துவோமே. பென்ஜிங்கில் வெள்ளைப் பளிங்குத் தட்டுதான் நீர். கல்லின் அடியை ரம்பத்தால் தட்டையாக அறுத்து, கரைபோல வரிசையாகச் சிமெண்டில் ஒட்டி, கரைக்குப் பின்னால் மண் இட்டு மரங்களை நடுவார்கள். பெரியது முன்னே, சிறியது பின்னே. கண்ணுக்குத் தூரம் தோன்றிவிடும். யாங்ஜோவின் ஜாவ் சிங்ச்சுவான் இந்த வகையில் பேர்பெற்றவர். அவருடைய எட்டுக் குதிரைகள் என்ற ஆக்கத்தில் மரநிழலிலும் நீரோரத்திலும் சின்னஞ்சிறு குதிரைகள் நிற்கின்றன. ஜூரோங் சீனத் தோட்டத்தில் சூஜோ பாணிப் பென்ஜிங் தோட்டம் 1992-இல் திறக்கப்பட்டது. எங்கள் குழுவில் பலருக்கும் முதல் ஆசை பிறந்த இடம் அதுதான்.

நாங்கள் தட்டில் நீர் ஊற்றுவதில்லை. டெங்கிக் கொசு அதில் முட்டையிட்டுவிடும். வெறும் பளிங்கின் வெண்மையே ஆறாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம், அதுவே அழகாகவும் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் தாழ்வாரத்தில்தான் வெயில் விழும், நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். அதனால் சுவரோரம் ஒரு பலகை, அதில் மூன்றே மரம். வெயில் ஒரு பக்கமிருந்தே வருவதால் ஞாயிறுதோறும் தட்டைக் கால் சுற்று திருப்பி வைக்கிறேன்.

என் நீர்மல்லியில் இடக்கணுத் துளிர் இப்போது என் தோள் உயரம். தாழ்வாரத்தில் போகிறவர்கள் இதை ஏன் வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். போன வாரம் அங்கிள் அதன் அடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்து, அடுத்த வெட்டு விழ வேண்டிய இடத்தில் தளர்வாகக் கட்டினார். நூல் இறுகும்போது கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.