அனுமதிச் சீட்டின்றி வாழ்வோர்

பிறந்த நாட்டை விட்டுப் பிழைப்பு நாடிப் பிறநாடு புகுதல் மாந்தர்க்குப் புதிதன்று. புதிதாய் வந்தது அனுமதிச் சீட்டே. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாய் எகிப்து சென்ற யோசேப்பை, எவ்வதிகாரியும் சீட்டுக் காட்டென்று தடுத்ததாக மறைநூல் கூறவில்லை. இன்றோ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும், அச்சீட்டின்றி வாழ்வோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர் எனக் கணிப்பர். அவருட் பலர் பத்தாண்டுக்கு மேலாக ஆங்கு உழைத்து, மணந்து, மக்களைப் பெற்று வாழ்கின்றனர். எந்நாளும் பிடிபடலாமென்னும் அச்சத்தினூடே இவர் அன்றாட வாழ்வைக் காத்துக்கொள்ளும் வகை யாது?

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். தன்னை இன்னானென்று காட்ட இயலாதவனுக்குப் பாங்கியில் கணக்குத் திறத்தல் அரிது. ஆகவே கூலியை மடியிலோ வீட்டிலோ வைத்துக்கொள்கிறான். அஃதறிந்த திருடர் அவனையே தேடி வருகின்றனர். பறிகொடுத்தவன் போலீசாரிடம் செல்ல அஞ்சுவான் என்பதும் அவர்க்குத் தெரியும். கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் இக்கொடுமை மிகுந்தமையால், 2007-ஆம் ஆண்டு ஜூனில், எந்நாட்டுக் குடியென்று வினவாமல் நகரவாசிகள் யாவர்க்கும் அடையாளச் சீட்டு வழங்க அந்நகர மன்றம் துணிந்தது. அந்நாட்டில் இதுவே முதல் முயற்சி. அச்சீட்டு அங்கு வாழும் உரிமையைத் தருவதன்று; நூல்நிலையத்தில் புத்தகம் எடுக்கவும், சில பாங்கிகளில் கணக்குத் திறக்கவும், களவு போனால் அஞ்சாது முறையிடவும் உதவுவது, அவ்வளவே. மன்றம் இசைந்த இரண்டாம் நாளே மத்திய அரசாங்கத்தார் அந்நகரிற் புகுந்து, வீடுகளிற் பலரைப் பிடித்தனர். இனி எவர் துணிந்து பெயர் கொடுப்பரென்று நினைக்கத் தோன்றும். ஜூலையில் சீட்டு வழங்கத் தொடங்கியபோதோ மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர்!

நகரம் தரும் சீட்டினும், அவர் தமக்குள் நடத்தும் சீட்டுப் பழையது. மெக்ஸிக்கோ நாட்டினர் அதனைத் 'தாண்டா' என்பர். நம்மூர்ச் சீட்டேதான்; பத்துப்பேர் வாரந்தோறும் ஒரு தொகை கட்ட, முறைவைத்து ஒருவர் முழுவதும் எடுப்பர். பத்திரமில்லை, வக்கீலில்லை, சொன்ன சொல்லே பிணை.

பிள்ளைகள் பாடு வேறு. அனுமதியின்றி வந்த பிள்ளைகளின் கல்விக்கு மாகாணப் பணம் கிடையாதென 1975-இல் டெக்ஸஸ் மாகாணம் சட்டமியற்றிற்று. டைலர் என்னும் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தார் அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1000 டாலர் கேட்டனர். கூலியாட்கள் எங்கே போவர்? 1977-இல் நான்கு குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அன்றே நாடு கடத்தப்படுவோமென்றெண்ணி, தட்டுமுட்டுச் சாமான்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டே நீதிமன்றம் வந்தவர் உண்டு. அவர் பலர் கண்ணிற் படாதிருக்கும் பொருட்டு, நீதிபதி வைகறையிலேயே வழக்கை விசாரித்தார். 1982 ஜூன் 15-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஐவர் பிள்ளைகள் பக்கமே தீர்ப்பளித்தனர். சட்டத்தின் சமமான காப்பு குடிகளுக்கு மட்டுமன்றி, ஆட்சி எல்லைக்குட்பட்ட எவர்க்கும் உரியதென்று அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் கூறுவதே காரணம். 'எவர்' என்னும் அவ்வொரு சொல், பள்ளிக் கதவைத் திறந்து வைத்தது.

அவ்வாண்டு மார்ச்சு 24-இல் அரிஸோனா மாகாணத்து டூஸான் நகரில், சௌத்ஸைட் பிரெஸ்பிட்டீரியன் சபையார், எல் சால்வடார், குவாத்தமாலா நாட்டுப் போருக்கஞ்சி ஓடிவந்தவர்க்குத் தம் ஆலயமே அடைக்கலமென வெளிப்படையாய் அறிவித்தனர். அதன் போதகர் ஜான் ஃபைஃப் 1986-இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். எனினும் அவ்வியக்கம் பல சபைகளிற் பரவிற்று. ஆலயம், பள்ளி, மருத்துவச் சாலை ஆகியவற்றுட் புகுந்து பிடித்தலைப் பெரும்பாலும் தவிர்க்குமாறு 2011-இல் அரசாங்கம் தன் அதிகாரிகட்குக் கட்டளையிட்டது. 2025 ஜனவரியில் அக்காப்பு நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கத்தோலிக்க மேற்றிராணியார், பிடிபட அஞ்சுவோர் ஞாயிறு பூசைக்கு வராமல் வீட்டிலிருந்தே செபிக்கலாமென விலக்களித்தார்.