மேரி கார்ட்ரைட்டும் ஒழுங்கற்ற அலைவும்

காலந்தோறும் மாறிவரும் ஒரு பொருளின் இன்றைய நிலையும் அது மாறும் விதியும் தெரிந்தவிடத்து, அதன் வருநிலையை ஆராய்வது இயங்கமைப்புக் கணிதம் எனப்படும். விதி திட்டமாயின் விளைவும் ஒழுங்காகவே அமையும் என்பது பலர் துணிபு. அத்துணிபை அசைத்தோருள் இங்கிலாந்து நாட்டு மேரி கார்ட்ரைட்டு அம்மையார் (1900–1998) ஒருவர். அவர்தம் பணியின் ஒரு பகுதியை மட்டும் ஈண்டு நோக்குவாம்.

ஆக்சுபோர்டில் பட்டம் பெற்று, நான்காண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து, மீண்டும் அங்கே ஆர்டியிடம் ஆய்வு பயின்ற அம்மையார் 1930-இல் கேம்பிரிட்சின் கர்ட்டன் கல்லூரியை அடைந்தார். அதுவரை அவர் ஈடுபட்டது தூய கணிதத்திலேயே. 1938-இல் அரசின் வானொலி ஆராய்ச்சிக் குழு, வானொலிப் பொறியியலில் எழும் சில வகைக்கெழுச் சமன்பாடுகளை ஆராய உதவுமாறு இலண்டன் கணிதக் கழகத்தை வேண்டியது. அவ்வேண்டுகோளைக் கண்ட அம்மையார், முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளின் செல்நெறியைக் கணித்த லிட்டில்வுட்டைத் துணைக்கொண்டார்.

அச்சமன்பாடுகளுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஒல்லாந்தரான வான் டெர் போலும் வான் டெர் மார்க்கும் 1927-இல், அலைவுறும் மின்சுற்று ஒன்றை மற்றோர் அலைவால் உந்தி, அதன் ஒலியைத் தொலைபேசிச் செவிக்கருவியிற் கேட்டனர். அதிர்வெண் ஒரு படியினின்று மற்றொன்றிற்குத் தாவுமுன் ஒழுங்கற்ற இரைச்சல் எழுந்தது. அதனைத் துணைநிகழ்ச்சி எனக் குறித்து விடுத்தனர். (பாடவேறுபாட்டை ஏடெழுதினோர் பிழையென்று ஆராயாது ஒதுக்குவார் நம்மிடையும் உளர்.)

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார்ப் பெருக்கிகள் தாறுமாறாக இயங்க, படையினர் அவற்றைச் செய்தோரைப் பழித்தனர் என்றும், பழி உண்மையில் சமன்பாட்டையே சாரும் என்றும் பிரீமன் டைசன் பின்னாளில் எழுதினார். அவர் 1942-இல் அம்மையாரின் சொற்பொழிவைக் கேட்டவர். 1945-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை கூறுவது இதுவே: உந்துவிசையின் சில அளவுகளில், வெவ்வேறு அலைவுக் காலமுடைய நிலைத்த அலைவுகள் ஒரே சமன்பாட்டில் ஒருங்கே உள, அவற்றினிடையே எண்ணிறந்த நிலையற்ற அலைவுகள் மிக நுண்ணிய அமைப்பொடு செறிந்துள்ளன. ஒழுங்கின்மை கருவியின் குற்றமன்று. விதியினுள்ளேயே அது உறைகின்றது.

1947-இல் அம்மையார் அரச கழகத்தின் உறுப்பினரானார். பெண்பாற் கணித அறிஞருள் அப்பேறு முதலிற் பெற்றவர் அவரே. 1949 முதல் 1968 வரை கர்ட்டன் கல்லூரித் தலைவராக விளங்கினார். ஆயினும் அக்கட்டுரையை ஊன்றிப் படித்தோர் சிலரே. அவருள் ஒருவரான அமெரிக்கர் லெவின்சன் 1949-இல் அதனை எளிமைப்படுத்தி வெளியிட்டார். நிலைபேறுடைய இயங்கமைப்புகளில் இத்தகைய சிக்கலுக்கு இடமில்லை எனக் கருதிய சுமேலுக்கு, 1960-இல் அவர் இரியோ டி செனீரோவில் தங்கியிருந்தபோது, லெவின்சன் அதனை மறுத்துக் கடிதம் எழுதினார். தம் கருத்தின் பிழையை உணர்ந்த சுமேல், அச்சிக்கலை வடிவவியலாக்கிக் குதிரைலாடம் என்னும் உருமாற்றத்தை அமைத்தார். இன்று பாடநூல்களில் அது அவர் பெயரால் வழங்குகின்றது. அதன் வேர் 1945-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளமையை அந்நூல்கள் இன்னும் விரிவாகக் கூறவேண்டும் என்பது நம் கருத்து.