கைக்குழந்தை இரவில் விழிப்பது ஏன்?

"ராத்திரி முழுக்கத் தூங்கவே விடவில்லை!" கைக்குழந்தை உள்ள வீட்டில் பொழுது விடிந்ததும் கேட்கும் முதல் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். மும்பையில் ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பமானால் கேட்கவே வேண்டாம். அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டிய கணவர் புரண்டு புரண்டு படுப்பார். பக்கத்து அறையில் உள்ளவர்களுக்கும் தூக்கம் போகும். பிரசவத்துக்கு ஊருக்குப் போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்பி வந்த இளம் தாய்க்குப் பக்கத்தில் அம்மா இல்லை, பாட்டி இல்லை. யோசனை சொல்பவர்களுக்கு மட்டும் பஞ்சம் இல்லை.

அந்த யோசனைகள் பெரும்பாலும் இரண்டே வகை. "உனக்குப் பால் போதவில்லை, டின் பால் கொடு" என்பது ஒன்று. "தூங்குவதற்கு ஏதாவது கொடு" என்பது மற்றொன்று. இரண்டுமே குழந்தைக்குக் கெடுதலாக முடியக்கூடியவை. நன்றாக வளர்ந்து வரும் குழந்தை இரவில் அடிக்கடி விழிப்பது நோய் அல்ல. தாயின் குறையும் அல்ல. அந்த வயதின் உறக்கமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

உறக்கத்தின் சுற்று

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், உறங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் நேரம் ஒன்று உண்டு என்பதை 1953-ல் வெளியிட்டார்கள். 1955-ல் குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றியும் எழுதினார்கள். குழந்தையின் உறக்கத்தில் அசைவும் அமைதியும் சுமார் 50 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன. பெரியவர்களுக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. அதில் பாதி, அசைவு மிகுந்த மேலோட்டமான உறக்கம். அப்போது குழந்தை கையைக் காலை உதறும், முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், முனகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்புத் தட்டும். பெரியவர்களும் இப்படி விழிப்பதுண்டு. ஆனால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உறங்கிவிடுவார்கள். காலையில் அது நினைவில் இருக்காது. குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. விழித்ததும் துணை தேடி அழுகிறது.

இரவு பகல் என்ற பேதமும் அதற்குத் தெரியாது. இருட்டியதும் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற சுரப்பு, பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகே ஒழுங்குக்கு வருகிறது. தாயின் உடலில் இந்தச் சுரப்பு இரவில் அதிகம். இரவில் கொடுக்கும் தாய்ப்பாலிலும் அது கலந்திருக்கிறது.

பால் போதவில்லையா?

குழந்தை சுமார் ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. இவ்வளவு வேகமாக வளரும் உடம்புக்குச் சின்னஞ்சிறு வயிறு. தாய்ப்பால் எளிதில் செரித்துவிடும். ஆகவே இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பசிப்பது இயற்கை.

இதில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக இருக்கிறது. குழந்தை சப்பச் சப்ப அது மேலும் கூடும். இரவில் புட்டியைக் கொடுத்து மார்பைச் சும்மா விட்டால் சுரப்புக் குறையத் தொடங்கும். முதலில் பொய்யாக இருந்த "பால் போதவில்லை" என்ற பேச்சு, சில வாரங்களில் மெய்யாகிவிடும்! அதன்பின் டின் பால் செலவும், சரியாகக் கொதிக்க வைக்காத புட்டியினால் வரும் வயிற்றுப்போக்கும் வந்து சேரும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யக்கூடாது. முதல் வாரம் கழிந்த பிறகு, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, மாதம் அரை கிலோவாவது எடை ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டும் சரியாக இருந்தால் பாலும் சரியாக இருக்கிறது.

வயிறு நிறைந்தால் தூங்கும் என்று ராகிக் கஞ்சியோ அரிசிக் கஞ்சியோ சீக்கிரமே கொடுப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 106 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்து 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாவது வாரத்திலேயே படுக்கும் நேரத்தில் அரிசி உணவு பெற்ற குழந்தைகளும், நான்கு மாதம் கழித்துப் பெற்ற குழந்தைகளும் ஒரே மாதிரிதான் தூங்கினார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தூங்க வைக்கும் மருந்து

குழந்தைக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள், திரும்பி வரும் வரை குழந்தை உறங்கிக் கிடக்கட்டும் என்று 'பாலா கோலி' என்னும் அபினி மாத்திரையைக் கொடுத்தார்கள். அக்கால அறிக்கைகளில் இது பதிவாகியிருக்கிறது. குழந்தை அழவில்லை, பசித்தும் பால் கேட்கவில்லை.

இன்று அபினி இல்லை. அதற்குப் பதில், மீதமிருக்கும் சளி மருந்தை ஒரு ஸ்பூன் ஊற்றிவிடும் பழக்கம் வந்திருக்கிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மருந்தின் மேலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார்.

ஊரில் உரைமருந்து என்பதைத்தான் மராத்தியர்கள் 'பால் குட்டி' என்கிறார்கள். கடுக்காய், வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். உரைக்கும் கல் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுக்கும் கேடு.

விழிக்கும் திறன் குழந்தைக்கு ஒரு காவலும் ஆகும். மூக்கைத் துணி மூடினாலோ, மூச்சு தடைப்பட்டாலோ விழித்து அழுவதுதான் அதனால் செய்ய முடிந்த ஒரே காரியம். மருந்து அந்தக் காவலை எடுத்துவிடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

பகலில் வெளிச்சமும் பேச்சும் இருக்கட்டும். இரவில் பெரிய விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், பால் கொடுத்துப் படுக்க வைத்தால் இரவு வேறு, பகல் வேறு என்பது மெல்லப் பழகும். பகலில் தூங்கவிடாமல் வைத்தால் இரவில் நன்றாகத் தூங்கும் என்று நினைப்பது தவறு. களைத்துப்போன குழந்தை இன்னும் அதிகமாக அழும்.

முனகியதும் தூக்கிவிட வேண்டாம். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல சமயம் அது உறக்கத்தின் அசைவாகவே இருக்கும். தூளியில் ஆட்டித் தூங்க வைத்தாலும், தூங்கியபின் கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தலையணையோ கனமான போர்வையோ வேண்டாம். அந்த அறையில் யாரும் புகை பிடிக்கக்கூடாது.

நான்காம் மாதத்தை ஒட்டி உறக்கத்தின் அமைப்பு மாறும்போதும், எட்டு ஒன்பது மாதத்தில் தாயை விட்டுப் பிரிய அஞ்சும்போதும் விழிப்பு மறுபடி கூடலாம். இவை வளர்ச்சியின் அடையாளங்கள்.

ஆனால் சில அறிகுறிகளைத் தள்ளிப்போடக்கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, மிக வேகமாக மூச்சு வாங்குவது, வலிப்பு, உச்சிக்குழி பள்ளமாவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலைத் தாய்தான் கொடுக்க முடியும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுவதையும், ஈரத் துணி மாற்றுவதையும் தகப்பன் செய்யலாம். பகலில் குழந்தை தூங்கும்போது தாயும் தூங்கட்டும்; பாத்திரம் காத்திருக்கும். காரணமில்லாத அழுகையும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைச் சோம்பல் என்று ஏசாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குழந்தை விழிப்பது சில மாதங்களில் தானே குறையும். அதுவரை தாய் தளர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை.